அயல்மொழியும் அயலார் மொழியும்: அந்தமான் நிகோபார் நடுநிலைப் பள்ளிகளில் பிறமொழிக் கல்வி

முன்னுரை

தமிழில் ‘அயல்’ என்னும் சொல் இரு பொருள்பட வழங்குகிறது. அயல்நாடு, அயல்மொழி என்னும் தொடர்களில் அது எல்லைக்கு அப்பாற்பட்டதைச் சுட்டும். அயல்வீடு, அயலார் என்னும் வழக்குகளில் அடுத்திருப்பதைச் சுட்டும். பள்ளிக் கல்வியில் பிறமொழி, பிற பண்பாடு பற்றிப் பேசும் திட்டங்கள் பெரும்பாலும் முதற்பொருளையே மனத்திற் கொண்டு அமைகின்றன. அடுத்த வீட்டாரின் மொழி கற்கத்தக்க பிறமொழியாகக் கருதப்படுவதில்லை.

இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் அந்தமான் நிகோபார்த் தீவுகள் ஆகும். 6 முதல் 8 வரையிலான நடுநிலை வகுப்புகளில் பிறமொழிக் கல்வி குறித்து நாட்டளவில் வகுக்கப்பட்டுள்ள கொள்கைகள் இத்தீவுகளின் மொழிச் சூழலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

1. தீவுகளின் மொழிச் சூழல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழி அடிப்படையில் வங்காளம் ஏறத்தாழ 28.5 விழுக்காடு, இந்தி 19.3, தமிழ் 15.2, தெலுங்கு 13.2, நிகோபாரி 7.6, மலையாளம் 7.2 என்ற அளவில் அமைகின்றன. எம்மொழியும் பாதியை எட்டவில்லை என்பது முதன்மையாகக் கருதத்தக்கது.

இப்பன்மை ஒரே காலத்தில் தோன்றியதன்று. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பிற்குப் பல மாநிலங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகளிடையே பொதுமொழியாக அந்தமான் இந்தி உருவாயிற்று. சோட்டா நாகபுரியிலிருந்து வந்த தொழிலாளர் சாத்ரி, குருக் முதலிய மொழிகளைக் கொணர்ந்தனர். 1925இல் பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் மக்கள் நடு அந்தமானில் வெபி என்னும் ஊரை அமைத்தனர். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழித் தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் 1970களில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்தனர். இவர்கள் அனைவருக்கும் முற்பட்ட குடிகளின் மொழிகளாக ஆஸ்திரோ - ஆசியக் குடும்பத்தைச் சார்ந்த நிகோபாரி மொழிகளும், பெரிய அந்தமானி, ஜாரவா, ஓங்கே முதலிய மொழிகளும் உள்ளன.

இங்கு வளரும் சிறுவன் பள்ளிக்கு வருமுன்னரே பிறமொழி கேட்டுப் பழகியவன் ஆவான். எனவே நடுநிலைப் பள்ளி அவனுக்குப் பிறமொழியை அறிமுகப்படுத்துகிறது என்பதைவிட, எந்தப் பிறமொழிக்கு மதிப்புண்டு என்பதை உணர்த்துகிறது என்பதே பொருந்தும்.

2. மும்மொழித் திட்டமும் தீவுகளும்

1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த மும்மொழித் திட்டத்தின்படி இந்தி பேசும் மாநிலங்களில் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு வேறோர் இந்திய மொழி, குறிப்பாகத் தென்னக மொழிகளுள் ஒன்று கற்பிக்கப்பட வேண்டும். பிற மாநிலங்களில் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவை இடம்பெற வேண்டும். ஒரு நிலப்பகுதிக்கு ஒரு வட்டார மொழி உண்டு என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

அந்தமான் நிகோபாரில் இக்கருத்துப் பொருந்தாது. இது இந்தி பேசும் மாநிலமும் அன்று. ஒரே வட்டார மொழியை உடைய பகுதியும் அன்று. ஆதலின் வங்காள மாணவர் வங்காளமும் தமிழ் மாணவர் தமிழும் தெலுங்கு மாணவர் தெலுங்கும் பயிலும் வகையிலேயே இம்மொழிகள் பள்ளியில் இடம்பெற்றன. தாய்மொழி வழிக் கல்விக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. புலம்பெயர்ந்த குடிகளின் மொழி இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் எழுத்து வழக்கில் நிலைப்பதற்கு இதுவே காரணம். ஆயினும், ஒவ்வொரு மொழியும் அதனைத் தாய்மொழியாக உடையோருக்கே உரியது என்னும் எண்ணமும் இதன்வழி வேரூன்றியது. தமிழ் தமிழருக்கு, வங்காளம் வங்காளியருக்கு, இந்தியும் ஆங்கிலமும் எல்லாருக்கும் என்ற பகுப்பில் அயலாரின் மொழியைக் கற்பதற்கு இடமில்லை.

2023ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு மூன்றாம் மொழியை நடுநிலைக் கட்டத்தில், அதாவது 6ஆம் வகுப்பில் தொடங்குமாறு கூறுகிறது. மூன்று மொழிகளுள் இரண்டேனும் இந்திய மொழிகளாக அமைய வேண்டும் என்பதும் விதி. நூறாண்டுக் காலமாக வெபியில் ஒலிக்கும் கரேன் மொழி இந்திய மொழியா, அயல்மொழியா என்று வினவினால் இவ்விதி தெளிவான விடை தருவதாக இல்லை. அரசியல் எல்லையை அளவுகோலாகக் கொண்டு ‘அயல்’ என்பதை வரையறுப்பதால் நேரும் இடர்ப்பாடு இது.

3. பேசும் மொழியும் அறியும் மொழியும்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கொரியம், ஜப்பானியம், தாய்லாந்து மொழி, பிரெஞ்சு முதலிய அயல்நாட்டு மொழிகளை இடைநிலைக் கட்டத்தில் கற்கலாம் எனக் கூறுகிறது. அதே கொள்கை நடுநிலை வகுப்புகளுக்கென ‘இந்திய மொழிகள்’ என்ற மகிழ்ச்சிச் செயல்திட்டம் ஒன்றையும் முன்வைக்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஏதேனும் ஒரு காலத்தில் ஒவ்வொரு மாணவரும் இதில் பங்கேற்க வேண்டும். இதற்குத் தேர்வு கிடையாது. மதிப்பெண் அச்சமின்றிப் பிறமொழியை அணுகச் செய்வதால் இது வரவேற்கத்தக்கது.

எனினும் இச்செயல்திட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். பெரும்பான்மை மொழிகளைப் பொறுத்தவரை, மாணவர் ஒவ்வொன்றிலும் சில தொடர்கள் பேசப் பழக வேண்டும் என்கிறது கொள்கை. பழங்குடி மொழிகளைப் பொறுத்தவரை, அவற்றின் இயல்பையும் அமைப்பையும் ஓரளவு உணர்ந்தால் போதும் என்கிறது. முன்னவை பேசுதற்குரியவை, பின்னவை அறிதற்குரியவை. முன்னவற்றில் மாணவன் ஒருவரோடு உரையாடுகிறான்; பின்னவற்றில் ஒருவரைப் பற்றிக் கேட்டறிகிறான்.

இவ்வேறுபாடு பிற மாநிலங்களில் கண்ணுக்குத் தோன்றாமற் போகலாம். சென்னையில் உள்ள மாணவனுக்கு நிகோபாரி தொலைவிலுள்ள மொழியே. ஆனால் கச்சாலில் வாழும் தமிழ்ச் சிறுமிக்கு நிகோபாரி அயலாரின் மொழி. அவளுக்கு அம்மொழியின் அமைப்பைப் பற்றிய குறிப்பு மட்டும் தந்து, அதில் நலம் உசாவக் கற்பிக்காமல் விடுவது மொழிக் கல்வியாகாது. அயலாரைக் காட்சிப் பொருளாக்கும் பழக்கத்திற்கே அது துணைபோகும்.

மேலும், இந்திய மொழிகளின் ஒருமையை நெடுங்கணக்கின் ஒலிமுறை ஒற்றுமை வழியாகவும் செம்மொழிச் சொற்களின் பரவல் வழியாகவும் உணர்த்த இச்செயல்திட்டம் விழைகிறது. உரோமன் எழுத்தில் எழுதப்படுவதும் வேறு மொழிக் குடும்பத்தைச் சார்ந்ததுமான நிகோபாரி இவ்வொருமைக்குள் அடங்காது. ஒத்திருப்பதை மட்டும் காட்டுவது பண்பாட்டுக் கல்வியின் பாதியே. ஒவ்வாததையும் மதிக்கக் கற்பிப்பதே அதன் மறுபாதி.

4. கற்கும் சுமை யாருடையது?

தீவு மொழிகளை வெளியார் கற்றதே இல்லை என்று கூறுவதற்கில்லை. காமோர்ட்டாவில் அதிகாரியாக இருந்து 1883இல் கொல்லப்பட்ட டி ரோப்ஸ்டார்ப் தொகுத்த நன்கவுரி அகராதி 1884இல் வெளிவந்தது. எம்.வி. போர்ட்மன் 1887இல் அந்தமானி மொழிகளுக்குக் கையேடு எழுதினார். இ.எச். மேன் 1889இல் நடு நிகோபாரி அகராதியை வெளியிட்டார். ஜார்ஜ் வைட்ஹெட்டின் கார் நிகோபாரி அகராதி 1925இல் வந்தது. இவை இன்றளவும் பயன்படும் அரிய நூல்கள். ஆயினும் இவற்றின் ஆசிரியர்கள் நிருவாக அதிகாரிகளாகவோ சமயப் பணியாளராகவோ இருந்தனர். ஆளவும் போதிக்கவும் கற்ற கல்வி அது. அயலாராக வாழ்வதற்குக் கற்கும் கல்வி நூலாக வடிவம் பெறவில்லை.

தீவினர் பக்கத்தில் நிலைமை வேறு. தேங்காய் வணிகத்திற்கு வந்த கப்பல்களோடு பழகிய நிகோபாரியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மலாய், பர்மியம், இந்துஸ்தானி, ஆங்கிலம் ஆகியவற்றில் வேண்டிய அளவு பேசினர். கார் நிகோபாரின் மூஸ் ஊரில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமனிடம் பயின்று, மாண்டலேயில் கல்வி பெற்றுத் திரும்பிய ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தைக் கார் நிகோபாரியில் பெயர்த்தார்; 1952இல் முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினரும் ஆனார். பல மொழி கற்றுத் தம் மொழிக்கு எழுத்து வாழ்வளித்த இவரது வரலாறு, கற்கும் முயற்சி எப்பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டும்.

இச்சுமை ஒருபக்கமாகவே நிற்பின் விளைவு யாது என்பதற்குப் பெரிய அந்தமானி மொழிகள் சான்று. அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தார். பிறரோடு பேச அவர் அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். அவர் மொழியில் அவரோடு உரையாட நெடுங்காலமாக எவரும் இலர். அவர் பறவைகளோடு பேசி வந்ததை அம்மொழிகளை ஆராய்ந்த அன்விதா அப்பி பதிவு செய்துள்ளார். ஒரு மொழி அழிவதற்கு அதன் பேச்சாளர் அதனைக் கைவிடுதல் மட்டும் காரணமன்று. சூழ்ந்து வாழ்வோர் எவரும் அதனைக் கற்காமையும் காரணமாகும்.

5. திசைச் சொற்கள்: ஒரு பாட மாதிரி

அயலாரின் மொழியைக் கற்பதால் நடுநிலைப் பள்ளி மாணவர் பெறும் பயனைத் திசைச் சொற்களைக் கொண்டு விளக்கலாம். நன்கவுரி வழக்கில் இயக்கத்தைக் குறிக்கும் சொற்களோடு திசைக்குறிகள் சேர்கின்றன. அவை நாற்றிசையை மட்டுமன்றிப் படகு கரைசேரும் துறையை நோக்கிய இயக்கத்தையும் உணர்த்துவதை மேனின் நூல் காட்டுகிறது. துறையை நடுவாகக் கொண்டு தம் இருப்பை உணரும் கடலோர வாழ்வு அம்மொழி அமைப்பில் பதிந்துள்ளது.

இதனைக் கற்கும் தமிழ் மாணவன் தன் மொழியையும் திரும்பி நோக்குவான். ‘மேற்கு’ மேல் என்பதனோடும் ‘கிழக்கு’ கீழ் என்பதனோடும் தொடர்புடையவை. மேற்கே உயர்ந்து கிழக்கே கடல்நோக்கித் தாழும் தமிழ் நிலத்தின் சாய்வு இச்சொற்களில் உறைந்துள்ளது. அச்சாய்வு இல்லாத தீவில் நின்றுகொண்டு, முன்னோர் நிலத்தின் வடிவத்தைத் தான் நாள்தோறும் சொல்லி வருவதை அவன் உணர்வான். நிகோபாரி மாணவனும் தமிழ்ச் சொற்களின்வழி, தான் காணாத மலைநாட்டின் அமைப்பை அறிவான். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் வாய்ப்பு இத்தகைய பாடத்தில் உண்டு. பண்பாடு தனிப் பாடமாக இன்றி மொழிக்குள்ளேயே கிடைக்கிறது.

6. தடைகளும் வரம்புகளும்

இக்கருத்திற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மாணவர்க்குச் சுமை கூடும் என்பது. புதிய தேர்வுப் பாடம் ஒன்றைச் சேர்த்தால் இது உண்மையாகும். ஏற்கெனவே தேர்வின்றி வகுக்கப்பட்டுள்ள செயல்திட்ட நேரத்தை அயலாரின் மொழிக்கு ஒதுக்கினால் சுமை கூடாது. கார் நிகோபாரி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், ஆங்கிலம் பயிலும் மாணவர் புதிய வரிவடிவம் கற்க வேண்டிய தேவையும் இல்லை. தமிழையும் வங்காளத்தையும் பிறர் முதலில் பேச்சுவழியாகவே தொடங்கலாம்.

இரண்டாவது, ஆசிரியர் இன்மை. பாடநூலை முழுதும் கற்பிக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பது அரிதே. ஆனால் உரையாடற் பயிற்சிக்கு ஊர் மூத்தோரும் மேல்வகுப்பு மாணவரும் துணையாவர். அயலாரின் மொழியைக் கற்பதில் உள்ள தனி நன்மை, பேச்சாளர் அருகிலேயே இருப்பதாகும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. ஜாரவா, சென்டினல் மக்களின் மொழிகளையும் இவ்வாறு கற்பிக்கலாமா என்பது அது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி இம்மக்கள் வாழும் பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. உரையாடலை அவர்கள் வேண்டாத நிலையில் மொழியைக் கற்பதும் ஒருவகை நுழைவே. ஆகவே அயலார் மொழிக் கல்வி இருபாலாரும் விரும்பும் மொழிகளுக்கே உரியது. கற்றுக்கொள்வதைப் போன்றே விலகி நிற்பதும் பண்பாட்டுக் கல்வியின் பகுதி என்பதை நடுநிலைப் பள்ளி மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

முடிவுரை

அந்தமான் நிகோபார்ப் பள்ளிகளில் தாய்மொழிகளுக்கு இடம் தந்தமை பாராட்டத்தக்கது. ஆனால் அவை ஒன்றையொன்று கற்கும் வாயில் திறக்கப்படவில்லை. நாட்டளவிலான கொள்கை நடுநிலை வகுப்புகளில் அதற்கோர் இடைவெளியை அளித்திருப்பினும், சில மொழிகளைப் பேசுதற்கும் சிலவற்றை அறிதற்கும் எனப் பகுத்துவிடுகிறது. இத்தீவுகளுக்கான செயல்திட்டத்தில் இப்பகுப்பு நீக்கப்பட வேண்டும்.

இதன் பொறுப்பு அரசுடையது மட்டுமன்று. தீவுகளில் தமிழ்க் கல்விக்காகக் குரல் கொடுக்கும் தமிழ்ச் சமூகம், தன் பிள்ளைகள் நிகோபாரியிலோ வங்காளத்திலோ பத்துத் தொடரேனும் பேசப் பழகினரா என்பதையும் கேட்டுக்கொள்ளுதல் தகும். தன் மொழியைப் பிறர் மதிக்க வேண்டும் என விழையும் சமூகம் அயலாரின் மொழியைக் கற்கத் தொடங்கும்போதே அவ்விழைவு முழுமை பெறும்.