கேட்டால்தான் வரைவேன்

ஒரு விண்டோவின் மேல் இன்னொன்றை இழுத்துப் போட்டுப் பிறகு விலக்குகிறோம். அடியில் இருந்தது அப்படியே இருக்கிறது. இதில் ரசிக்க என்ன என்று தோன்றும். பழைய கம்ப்யூட்டர்களில் அந்தப் படத்தை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை, விலக்கிய கணத்தில் புதிதாக வரைந்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் ருசி பிடிபடும்.

1984இல் வந்த முதல் மேக்கின்டாஷின் மெமரி மொத்தமே 128 கிலோபைட். 512க்கு 342 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரைக்கே அதில் 21,888 பைட் போய்விடும். மறைந்து கிடக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் நகல் வைக்க இடமேது? அதனால் 'எங்கே கெட்டிருக்கிறது என்று நான் சொல்கிறேன், நீயே வந்து வரைந்துகொள்' என்று சிஸ்டம் சொல்லிவிட, பொறுப்பு புரோகிராமின் தலையில் விழுந்தது.

அந்த 'எங்கே'யைச் சொல்வதில்தான் ஆப்பிள் புரோகிராமர் பில் அட்கின்சனின் கைவண்ணம். 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்குப் போனவர், அங்கே மறைந்த விண்டோக்கள் தாமாகவே சரியாகிக்கொள்வதைப் பார்த்ததாக நம்பித் திரும்பினார். உண்மையில் அங்கே அப்படி எதுவும் இல்லை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று அவரே செய்து முடித்தார்! மேக்கின்டாஷில் படம் வரையும் குவிக்டிராவுக்காக அவர் உருவாக்கிய 'ரீஜன்' எவ்வளவு கோணல்மாணலான வடிவத்தையும் சிக்கனமாகக் குறித்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம், இரண்டைச் சேர்க்கலாம். மேலிருந்த விண்டோ மூலைவாட்டில் நகர்ந்தால், புதிதாக வெளிப்பட்ட 'ட' வடிவத் துண்டு மட்டும் துல்லியமாகக் கைக்கு வரும். இலையில் காலியான இடம் பார்த்துப் பரிமாறுகிறவரின் கை அது.

விண்டோஸில் இந்த வேலை டபிள்யூஎம் பெயிண்ட் என்ற மெசேஜுக்கு. அதன் அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்ற மெசேஜ்களைப் போல அது க்யூவில் போய் நிற்பதில்லை. தட்டிய எழுத்து, அசைந்த மவுஸ் எல்லாம் தீர்ந்த பிறகு, கெட்ட இடம் ஏதும் பாக்கி உண்டா என்று விண்டோஸ் பார்க்கும். இருந்தால்தான் அந்த மெசேஜையே உண்டாக்கும். 'இந்த இடம் கெட்டது' என்று சொல்லும் இன்வாலிடேட் ரெக்டை ஒரே மூச்சில் நூறு முறை கூப்பிட்டாலும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெயிண்டாக வந்து நிற்கும். பதிலுக்கு அது எதிர்பார்க்கும் மரியாதை ஒன்றுதான்: பிகின் பெயிண்டைக் கூப்பிட்டு 'பார்த்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் திரும்பினால் கெட்ட இடம் கெட்டதாகவே கணக்கில் இருக்கும்; மெசேஜ் ஓயாமல் வந்துகொண்டிருக்கும், பிராசஸர் திணறும்.

பட்டனை அமுக்கியதும் அந்த இடத்திலேயே கோடு போடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. அவர்களுடைய கோடு அடுத்த பெயிண்ட் வரைக்கும்தான். கைதேர்ந்தவர் கோட்டின் இரு முனைகளை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த இடம் கெட்டது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எத்தனை முறை அழிந்தாலும் அதே கோடு திரும்ப வரும்.

முதலில் பின்னணியை அழித்து, பிறகு அதன்மேல் வரைவதால் கண்ணில் படும் மினுக்கல் தனித் தொல்லை. மறைவில் ஒரு பிட்மேப்பில் முழுதும் வரைந்து ஒரே வீச்சில் திரைக்கு மாற்றுவது அதற்கு மருந்து. அழிக்காமல் விட்டதையே அலங்காரமாக்கியவர்களும் உண்டு. 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சாலிடேரில் ஜெயித்ததும் சீட்டுகள் துள்ளி விழுந்து திரையெங்கும் தடம் பதிக்குமே, அதுதான்.

விண்டோஸ் விஸ்டா வந்தபின் ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் சிஸ்டமே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. மேலே கிடந்ததை விலக்கினால் இப்போது பெரும்பாலும் பெயிண்ட் வருவதில்லை. ஆகவே யாருடைய கை எப்படி என்று பார்க்க, விண்டோவின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் வேகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. எழுத்து நடுங்கி, ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்த்தால் நான் உடனே சோர்ஸ் கோடைத் திறந்து பெயிண்ட் ஃபங்ஷனைத்தான் தேடுவேன். பெரும்பாலும் அங்கேதான், ஒவ்வொரு முறை வரையும்போதும், யாராவது ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டிருப்பார்கள்.