மகிழமரத்தடியில் ஒரு சத்தியம்

சத்தியம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. "அது சத்தியம்" என்றால் உண்மை. "சத்தியம் பண்ணு" என்றால் ஆணை. முன்னது நடந்ததைப் பற்றியது, பின்னது இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. எபிரேயத் தீர்க்கதரிசிகளின் 'எமெத்' என்ற சொல்லும் இப்படித்தான். உறுதியாக நிற்பது என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. 'ஆமென்' கூட அதே வேர்தான். தமிழ் பைபிள் அதைச் சில இடங்களில் சத்தியம் என்றும் சில இடங்களில் உண்மை என்றும் பெயர்க்கிறது. சொன்ன சொல் இன்றைக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நாளைக்கும் நிற்கணும். அதுதான் எமெத்.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பெரியபுராணத்தைத் திரும்பப் படித்தேன். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் சுந்தரருக்கு இடக்கண் பார்வை கிடைத்த கதை நமக்குத் தெரியும். ஏழாம் திருமுறையில் உள்ள அவருடைய ஏகம்பப் பதிகமும் ஏகம்பனைக் காணக் கண் பெற்ற வியப்பைத்தான் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறது. ஆனால் அந்தக் கண் ஏன் போச்சு என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்புகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சுந்தரர் சிவனிடமே போய், "நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழமரத்தடியில் போய் இரும்" என்று கேட்கிறார். சிவனும் சம்மதித்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், "மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லாமல் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. ஒற்றியூரில் இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

இதில் என்னை நிறுத்தியது ஒரு விஷயம். சுந்தரர் கடவுளிடம் பொய்யே சொல்லவில்லை. ஏமாற்றப் போகும் திட்டத்தைக்கூட ஒளிக்காமல் அவரிடமே சொல்கிறார். தம்பிரான் தோழர் அல்லவா! அவர் பொய்யாக நடந்தது சங்கிலியாரிடம் மட்டும்தான். அப்படியானால் கேள்வி இதுதான்: கடவுளிடம் உண்மையாக இருந்துகொண்டு மனுஷரிடம் பொய்யாக இருக்க முடியுமா?

எரேமியா 34ஆம் அதிகாரம் இதே கேள்விக்கு நேராக வருகிறது. பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருந்த நேரம். சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளின் நடுவே நடந்து செய்த உடன்படிக்கை. முற்றுகை கொஞ்சம் விலகியதும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிவிட்டார்கள். ஏமாந்தது அடிமைகள். ஆனால் கடவுள் 'என் நாமத்தைப் பரிசுத்தக் குலைச்சலாக்கினீர்கள்' என்கிற கோபத்தோடு பேசுகிறார். மல்கியாவும் அப்படித்தான்: இளவயதில் கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்தவனிடம், உங்கள் இருவருக்கும் நடுவில் சாட்சி நானே என்று கடவுள் நிற்கிறார்.

மகிழமரத்தடியில் நின்றதும் இதே சாட்சிதான். தோழனுக்காகச் சன்னதியை விட்டு நகர்ந்தவர், சாட்சி என்ற இடத்திலிருந்து மட்டும் நகரவில்லை. சிவனின் தந்திரம் விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் கண் பறிபோனது, அவர் சங்கிலியார் பக்கம் நின்றார் என்பதற்குக் காவியமே தரும் ஆதாரம்.

அதற்கப்புறம்தான் எனக்குக் குறை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று கருணை படிப்படியாக வருகிறது. வழியெல்லாம் சுந்தரர் கடவுளோடு சண்டை போடுகிறார். நீ என்னை ஏமாற்றினாய் என்று எரேமியா கடவுளிடம் கதறியதும் இந்த ரகம்தான். அந்த உரிமைச் சண்டை பொய்யில்லை. ஆனால் வழி முழுக்க ஒரே திசையில்தான் போகிறது. ஒற்றியூரை விட்டு விலகி, பரவையார் வீட்டை நோக்கி. கண் திரும்புகிறது, மனுஷர் திரும்பவில்லை. முடிவில் கயிலையில் சங்கிலியார் அனிந்திதையாராகத் தம் பழைய தொண்டுக்குத் திரும்புகிறார் என்று சேக்கிழார் நிறைவு செய்கிறார். மூவரும் முன்பே கயிலையில் இருந்தவர்கள், இது இறைவன் நடத்திய ஆடல் என்பது சைவ மரபின் பதில். பக்திக்கு அது போதும். ஒற்றியூரில் காத்திருந்தவருக்கு?

தீர்க்கதரிசிகள் இந்த இடத்தில் கறாரானவர்கள். மனம் திரும்புதல் என்றால் அவர்களுக்கு வெறும் அழுகை கிடையாது. யாரை ஏமாற்றினாயோ அவரிடம் திரும்பிப் போவதும் அதில் சேர்த்தி. ஓசியா தன்னை விட்டுப்போன மனைவியைத் தேடிப் போய் விலை கொடுத்து மீட்டுவருகிறார். அங்கே திரும்பிப் போகிறவர், காயப்பட்டவரே.

அதனால் காஞ்சியில் கிடைத்தது ஒரு கண் மட்டும் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கடவுளைக் காணக் கண் பெற்றதைச் சுந்தரரே வியந்து பாடிவிட்டார். சங்கிலியாரைக் காண இன்னொரு கண் வேண்டும். அது திருவாரூரில் கிடைத்தது என்று காவியம் சொல்கிறது. அந்தக் கண்ணால் அவர் ஒற்றியூரைப் பார்த்தாரா என்பதைத்தான் சொல்லவில்லை.