பேருருவின் அளவுகோல்

வேற்றுக்கிரகத்துப் பேருருவங்களைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ விளையாட்டுகள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான் பக்குவம் எய்தின என்றும், அதற்கு முன் வந்தவை யாவும் பாலர் விளையாட்டே என்றும் ஓர் அபிப்பிராயம், ஹெல்டைவர்ஸ் 2 வெளிவந்து 12 வாரங்களுக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றுப்போன நாள்முதலாக, வேதவாக்கைப் போல வழங்கி வருகிறது. ஸ்வீடன் தேசத்து ஆரோஹெட் ஸ்தாபனத்தாரின் அந்தச் சிருஷ்டியை நானும் பல இரவுகள் கண்விழித்து ஆடியிருக்கிறேன்; அதன் சிறப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த அபிப்பிராயம் சரித்திர ரீதியாகவும் தவறு, ரசனை ரீதியாகவும் தவறு. அதை ஒப்புக்கொண்டுவிட்டால், ஜப்பானில் ஒரு சிறு குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, குறைந்த பொருட்செலவில், பலரும் எள்ளி நகையாட, விடாமல் செய்து வந்த ஒரு பெரிய காரியம் கணக்கில் வராமலே போய்விடும்.

ஆரம்ப காலத்தை வாசகர்கள் நன்கு அறிவார்கள். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக ஸ்பேஸ் இன்வேடர்ஸை ஆக்கிய தொமொஹிரோ நிஷிகாடோ, எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகவாசிகளை மனத்தில் கொண்டு எண்காலியும் நண்டும் கணவாயும் போன்ற 55 உருவங்களை வரிசையாக நிறுத்தினார்; அவற்றைச் சுடச் சுட யந்திரத்தின் பாரம் குறைந்து எஞ்சியவை வேகம் கொண்டன; திட்டமிடாமல் நேர்ந்த அந்த வேகமே விளையாட்டின் உயிராயிற்று. பிறகு எண்பதுகளில் ஆர்-டைப் ஒரு போர்க்கப்பலையே முழுக் களமாக விரித்துக் காட்டியது. டேரியஸ் மூன்று திரைகளை ஒட்டவைத்து மீன்வடிவப் பகைவர்களை நீந்தவிட்டது. 1993இல் டூம், 1998இல் ஹாஃப்-லைஃப், 2001இல் குரோஷியாவிலிருந்து சீரியஸ் சாம் என்று பட்டியல் நீளும். இவற்றிலெல்லாம் பேருருவம் பெரும்பாலும் ‘பாஸ்’ என்னும் கடைசி வாயிற்காவலனாகவே வந்தது. எல்லாம் முடிந்தபின் ஒருமுறை தோன்றி, தன் வெளிச்சமிட்ட பலவீனத்தைக் காட்டி, சுடப்பட்டு மறையும் ஒரு சடங்காகவே அது இருந்தது.

2006ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களே இந்தத் துறையின் தலைவிதி தீர்மானிக்கப்பட்ட காலம் என்பது என் துணிபு. நவம்பரில் கியர்ஸ் ஆஃப் வார், ரெசிஸ்டன்ஸ் ஆகிய இரண்டும் மேல்நாட்டில் வந்தன; டிசம்பரில் ஜப்பானில் காப்காம் நிறுவனத்தின் லாஸ்ட் பிளானெட்டும், சாண்ட்லாட் என்னும் சிறு குழுவின் பூமிப் பாதுகாப்புப் படை மூன்றாம் பாகமும் வந்தன. இந்த மூன்றாம் பாகமே பின்பு எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் 2017 என்ற பெயரில் பிற தேசங்களுக்குச் சென்றது. உலகம் முதல் இரண்டின் வழியையே பின்பற்றியது. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கியர்ஸ் ஆஃப் வாரில் புருமக் என்றொரு பேருருவம், கற்களும் தூசியும் தெறிக்க, கண்கொள்ளாத நுட்பத்துடன் வந்து நம்மைத் துரத்துகிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த மூலப் பதிப்பில் அதனோடு நாம் பொருதவே இயலாது. அடுத்த ஆண்டு கணினிப் பதிப்பில் சேர்க்கப்பட்ட புதிய அத்தியாயங்களில்தான் அந்தப் போர் கிடைத்தது. 2008இல் வந்த ரெசிஸ்டன்ஸ் இரண்டாம் பாகத்திலோ, சிகாகோ நகரத்துக் கட்டடங்களுக்கு மேலாக எழும் லெவியத்தான், நாம் எவ்விடத்தில் நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், எந்தக் கணத்தில் சுட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே நிச்சயித்துவிட்ட ஒரு நாடகக் காட்சியின் வர்ணத்திரையாக நின்றுபோயிற்று. கண்ணுக்குப் பெரிதாயிருப்பதும் அனுபவத்தில் பெரிதாயிருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தத் திறமைசாலிகள் ஏனோ உணரவில்லை.

நம்முடைய கவிச்சக்கரவர்த்தி இதை உணர்ந்திருந்தான். போர்க்களத்தில் கும்பகருணன் தோன்றும்போது, அவன் மேனியின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வதோடு கம்பன் அமையவில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக் கண்ணைச் செலுத்தவே நாட்கள் பல ஆகுமே, யார் இவன் என்று இராமனைக் கொண்டு வீடணனைக் கேட்கச் செய்கிறான். பேருருவத்தின் அளவுகோல் அதைக் காண்பவனிடத்தில் இருக்கிறது. காண்பவன் தரையில் நிற்க வேண்டும். அவனுக்குப் பழக்கமான ஒரு பொருள் அருகில் இருக்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரமும் அவனுடையதாக இருக்க வேண்டும்.

சாண்ட்லாட் குழுவினர் இந்தத் தத்துவத்தைத் தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டவர்கள். ஹ்யூமன் என்னும் பழைய நிறுவனத்தில் 1999இல் ரிமோட் கண்ட்ரோல் டாண்டியைச் செய்த அனுபவத்தோடு வெளியேறியவர்கள் 2001இல் இக்குழுவை அமைத்தார்கள். மறு ஆண்டே எனிக்ஸ் நிறுவனத்துக்காக அவர்கள் செய்த ரோபாட் ஆல்கெமிக் டிரைவில், நாம் ராட்சத யந்திரத்தின் உள்ளே அமர்வதில்லை. தெருவிலோ மாடியிலோ ஒரு சாதாரண மனிதனாக நின்றுகொண்டு, கையிலுள்ள கருவியால் அதன் வலக்காலையும் இடக்காலையும் தனித்தனியே எடுத்து வைக்கிறோம். மாடி வீடும் தந்திக் கம்பமுமே அங்கே அளவுகோல்கள். இது இஷிரோ ஹோண்டாவும் எய்ஜி சுபுராயாவும் தோஹோ படப்பிடிப்பு நிலையத்தில் சிறு மாதிரி நகரங்களைக் கட்டி வளர்த்த மரபு. அவர்களுடைய 1957ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் ஜப்பானியப் பெயரே பூமிப் பாதுகாப்புப் படை.

அதே பெயரில், டி3 பப்ளிஷர் நிறுவனத்தின் 2000 யென் விலை மலிவு வரிசையில் 31ஆம் வெளியீடாக, 2003இல் முதற்பாகம் வந்தது. 2005இல் வந்த இரண்டாம் பாகம் பறக்கும் வீராங்கனையைத் தந்தது. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. யாதொரு விசேஷமும் இல்லாத, சாம்பல்நிறக் கட்டடங்கள் நெருங்கிய ஒரு தெரு; அந்தத் தெருவின் முனையில், ஒரு மோட்டார் வண்டியினும் பெரிய எறும்பு; அதன் பின்னே இன்னொன்று; பிறகு சுவர்களின் மேலும் கூரைகளின் மேலும் கருநதியாய் வழிந்து வரும் எறும்புக் கூட்டம். நாம் ஏவும் ராக்கெட் குறி தவறினால் ஒரு கட்டடம் முழுவதுமாய்ச் சரிகிறது. மிக அருகே வெடித்தால் நாமே தூக்கியெறியப்படுகிறோம். தோழனின் முதுகில் பட்டால் தோழன் வீழ்கிறான். இறந்த எறும்பின் உடல் கூட உருண்டு வந்து வழியை அடைக்கிறது. யாரும் நம்மை இங்கே நில், அங்கே பார் என்று ஏவுவதில்லை. 53 களங்களிலும் இதே நியதிதான். சிவப்புப் பெட்டியை எடுத்தால் கவசம், பச்சைப் பெட்டியை எடுத்தால் புதிய ஆயுதம் என்னும் அந்த எளிய ஆசை வேறு, ஆபத்தின் நடுவே நம்மை இழுத்துச் செல்கிறது.

பகைவர் கூட்டம் பெருகும்போது யந்திரம் திணறுகிறது, காட்சி தடுமாறித் தயங்குகிறது. அதை ஒரு குற்றமாக எழுதாத விமர்சகர் அபூர்வம். நிஷிகாடோவின் யந்திரத்தில் பகைவர் குறையக் குறைய வேகம் பிறந்தது. சாண்ட்லாட்டின் யந்திரத்தில் பகைவர் பெருகப் பெருகக் காலமே கனத்து நீள்கிறது. இரண்டுமே கருவியின் எல்லையைத் தொட்டுவிட்டவர்களுக்குக் கிடைத்த பேறு. வழவழப்பான தோலுக்கும் பளபளக்கும் கண்ணுக்கும் செலவிட வேண்டிய சக்தியை, நூற்றுக்கணக்கான உடல்களுக்கும் இடிந்து விழும் ஒரு நகரத்துக்கும் செலவிட்டவர்களின் தேர்வு அது. ‘மட்டமானது, ஆகையால் சிரித்து ரசிக்கத் தக்கது’ என்ற தோரணையில் மேல்நாட்டார் பலர் இத்தொடருக்கு அளித்து வரும் பாராட்டை நான் வெறுக்கிறேன். மேற்பூச்சைச் சீர்திருத்த முன்வந்தவர்கள் கண்ட பலனும் நமக்குத் தெரியும். 2011இல் இத்தொடரின் பெயரில் அமெரிக்கர்கள் செய்த இன்செக்ட் அர்மகெடான் நியூ டெட்ராய்ட் என்ற ஒரே நகரத்துக்குள் சுருங்கி விரைவில் முடிந்துபோயிற்று. 2019இல் யூக்ஸ் நிறுவனம் செய்த அயர்ன் ரெய்னில் அழகு கூடி உயிர்ப்பு குறைந்தது.

நியாயமாகச் சொன்னால், லாஸ்ட் பிளானெட்டிலும் ஓர் உண்மையான பாதை இருந்தது. பனியுறைந்த கிரகத்தில் உடற்சூடு கணந்தோறும் குறைந்துகொண்டே போக, கொன்ற பேருருவத்தின் வெப்பத்தையே அள்ளிக்கொண்டு உயிர் பிழைக்க வேண்டும் என்ற கற்பனை உயர்ந்தது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஓடும் ரயிலின் மீதுள்ள மாபெரும் பீரங்கிக்கு நான்கு பேர் குண்டு சுமந்து, குழாயைக் குளிர்வித்து, திசை திருப்பி, மணலிலிருந்து எழும் ஒரு ராட்சதப் புழுவைச் சுடும் இடம் ஒன்று உண்டு. உழைப்பின் பாரத்தாலேயே பேருருவின் பாரத்தை உணர்த்திய இடம் அது. பலர் அந்தப் பாகத்தைத் தூற்றினர். 2013இல் மூன்றாம் பாகம் வேறோர் ஊரில், வேறு கைகளால் செய்யப்பட்டது. அத்தோடு அந்தப் பாதை மூடிவிட்டது.

இப்போது ஹெல்டைவர்ஸ் 2க்கு வருவோம். பைல் டைட்டன் என்னும் பேருருவத்தின் வயிற்றுக்கடியில், அதன் கால்களுக்கிடையே ஓடித் தப்பும்போது நாம் பெறும் நடுக்கம் மெய்யானது. தோழனின் குண்டு நம்மையும் கொல்லும் என்ற நியதி, நால்வர் கூடிப் போரிடும் முறை, வானத்திலிருந்து குண்டுமழையை வரவழைக்கும் உபாயம் ஆகிய இவையே அந்த நடுக்கத்தின் ஆதாரங்கள். இம்மூன்றும், ஆரோஹெட்டின் முதற்பாகம் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, 2013இல் வந்த பூமிப் பாதுகாப்புப் படை நான்காம் பாகத்தில், ஏர் ரெய்டர் முதலிய நான்கு வகை வீரர்களின் வடிவில் நிறைந்திருந்தன. ஹெல்டைவர்ஸ் புதிதாகச் சேர்த்தது இயக்குநர் வெர்ஹோவனின் 1997ஆம் ஆண்டுத் திரைப்படத்தை ஒட்டிய நையாண்டி. நையாண்டி ஆடுபவனுக்கு ஒரு பாதுகாப்பான ஆசனத்தை அளிக்கிறது. தன்னைத் தவிர எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று எண்ணிக்கொள்ள இடம் தருகிறது. சாண்ட்லாட் அந்த ஆசனத்தை அளிப்பதில்லை. அங்கே சிப்பாய்கள் பயந்துகொண்டே சேர்ந்து பாடுகிறார்கள், மனமாரப் பாடுகிறார்கள். ஆறாம் பாகத்தில், பெரும்போரில் மனித குலத்தின் பெரும்பகுதி அழிந்துபோனபின், இடிபாடுகளிடையே எஞ்சியவர்களின் மேல் காலம் திரும்பத் திரும்பப் பின்னோக்கிச் சுழல்கிறது. ஒவ்வொரு முறையும் இழந்தவர்களின் நினைவை ஒரு சிப்பாயும் ஒரு விஞ்ஞானியும் மட்டுமே சுமக்கிறார்கள். வெகுளித்தனம் என்று பிறர் சொன்ன அதே சிரத்தைதான் இந்தத் துயரத்தைத் தாங்கும் வலிமையைத் தொடருக்குக் கொடுத்தது.

ஆறாம் பாகம் ஜப்பானில் 2022 ஆகஸ்டிலும், பிற தேசங்களில் 2024 ஜூலையிலும் வந்தது. அதாவது ஹெல்டைவர்ஸ் 2 வந்த ஐந்தே மாதங்களில். ஹெல்டைவர்ஸ் 2ஐ ஆடியவர்கள் இந்த ஆறாம் பாகத்தையும் ஆடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலுமாயின் ஒரு நண்பரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, திரையை இரண்டாகப் பகுத்து, எளிய நிலையை விடுத்துக் கடின நிலையில் தொடங்குங்கள்.