கேஜி டி6: வாயுவுக்கு முன்னால் வந்த குழாய்

கேஜி டி6 என்று ஆரம்பித்தாலே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, "விலை ஏறட்டும்னு வாயுவை உள்ளேயே பதுக்கி வச்சாங்க" என்கும். இன்னொரு கட்சி, "கடலுக்கடியில இருக்கிறதை யார் கண்டா, இயற்கை கைவிட்டுடுச்சு" என்கும். இரண்டு கட்சியுமே 2006-இல் ஒப்புதல் பெற்ற கள வளர்ச்சித் திட்டம் என்ற காகிதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

முதலில் கதைச் சுருக்கம். காக்கிநாடாவுக்கு அப்பால், வங்காள விரிகுடாவின் ஆழ்கடலில் 7,645 சதுர கிலோமீட்டர் பிளாக். ரிலையன்ஸ் 90 சதவீதம், கனடாவின் நிக்கோ 10 சதவீதம். 2002-இல் வாயு கிடைத்தது. 2004-இல் போட்ட முதல் திட்டம், நாளொன்றுக்கு 4 கோடி கன மீட்டர் உற்பத்தி, செலவு 239 கோடி டாலர் என்றது. 2006 அக்டோபரில் திருத்திய திட்டம் வந்தது. உற்பத்தி இரண்டு மடங்காகி 8 கோடி. செலவோ முதல் கட்டத்துக்கே 520 கோடி டாலர், எல்லாம் சேர்த்து சுமார் 880 கோடி. டிசம்பரிலேயே ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

2009 ஏப்ரலில் வாயு கரைக்கு வந்தது. 2010-இல் 6 கோடியைத் தாண்டியது. அதுதான் உச்சம். 2013-இல் 1.5 கோடிக்கும் கீழே. கிணறுகளில் தண்ணீரும் மணலும் ஏறின. 10 டிசிஎஃப் (ஒரு டிசிஎஃப் என்பது லட்சம் கோடி கன அடி) அளவில் சொல்லப்பட்ட இருப்பு 3-க்கு அருகே இறங்கியது. பிளாக்கின் முக்கிய வயல்களான டி1, டி3 இரண்டும் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன.

இந்த வாயு இருக்கும் இடம் எப்படிப்பட்டது? கோதாவரி பல லட்சம் வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல், கடலடிச் சரிவில் வாய்க்கால் வாய்க்காலாக ஓடிப் படிந்திருக்கிறது. ஒரு வாய்க்கால் இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும்; நடுவில் களிமண் அடைத்திருக்கும். நிலநடுக்க அலைப் படத்தில் வாயு உள்ள மணல் பளிச்சென்று தெரியும். ஆனால் கொஞ்சமாக வாயு இருந்தாலும் அது பளிச்சென்றுதான் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வாய்க்கால்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதைப் படம் சொல்லாது. இணைந்திருந்தால் ஒரு கிணறே பெரிய பரப்பை வடித்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிணறு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி, மாதக்கணக்கில் வாயுவை எடுத்துப் பார்த்து அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று கவனிப்பதுதான். ஆழ்கடலில் செய்யும் சில நாள் சோதனையில் இது பிடிபடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2004-க்கும் 2006-க்கும் இடையே நடந்ததைப் பாருங்கள். புதிய கணிப்புகள் வந்தன, சரி. ஆனால் அந்த வயல்களிலிருந்து ஒரு கன மீட்டர் வாயுகூட உற்பத்தியாகவில்லை. திட்டம் மட்டும் இரண்டு மடங்கானது. செலவு ஏறியதில் சந்தைக்கும் பங்கு உண்டு. அந்த வருஷங்களில் உலகம் முழுக்க துளையிடும் கப்பல் வாடகை எகிறியது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அளவை இரட்டிப்பாக்கியதுதான் கேள்வி. 4 கோடித் திட்டத்தையே முதல் கட்டமாக வைத்து, இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்து, அழுத்தத்தைப் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம்.

"ஆழ்கடலில் பாதி பாதியாகக் கட்டினால் கட்டுப்படியாகாது" என்று பதில் வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிணறும் குழாயும் ஒன்றல்ல. கிணறுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், அவர்கள் போனதும் அப்படித்தான். திட்டத்தில் மொத்தம் 50. தோண்டியது 22, உற்பத்திக்கு இணைத்தது 18. "மீதியைத் தோண்டாததால்தான் உற்பத்தி விழுந்தது" என்றது அரசுத் தரப்பு. "தோண்டினாலும் வராது" என்றது நிறுவனம். வழக்கு நடுவர் மன்றம் வரை போனது. வயலை முன்கூட்டிப் படித்திருந்தால் கிணற்று எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய சண்டை வந்திருக்குமா?

ஒப்பந்தமும் இதற்குத் தோதாக இருந்தது. செலவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மிச்சமுள்ள லாபத்தில் அரசின் பங்கு 10 சதவீதத்தில் தொடங்கும். போட்ட முதல் பல மடங்காகத் திரும்பிய பிறகுதான் அது 85 சதவீதம் வரை ஏறும். முதலீடு பெருத்தால் அந்த நாள் தள்ளிப்போகும். யாரும் வேண்டுமென்றே செலவை ஊதினார்கள் என்று நான் சொல்லவில்லை. சிக்கனமாக இருக்க ஒப்பந்தத்தில் தூண்டுதல் குறைவு, அவ்வளவுதான். 2016-இல் வந்த ஹெல்ப் கொள்கை வருவாய்ப் பங்கீட்டுக்கு மாறியது இந்தத் தலைவலிக்குத்தான். 2011-இல் வந்த தணிக்கைத் துறை அறிக்கையும் ஒப்பந்தம், கொள்முதல், பிளாக்கின் பரப்பைத் திருப்பிக் கொடுக்காதது ஆகியவற்றில் பலமாகப் பேசுகிறது. அதைப் படித்தவர்கள் பணத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். 'எவ்வளவு தெரிந்த பிறகு எவ்வளவு கட்டலாம்' என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

இது ஒரே கம்பெனியின் சுபாவம் என்று நினைக்க வேண்டாம். அதே படுகையில் குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி 2005-இல் 20 டிசிஎஃப் என்று அறிவித்தது. அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே பெரும்பாடாகி, 2017-இல் ஓஎன்ஜிசி சுமார் 120 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. உற்பத்தி விழ ஆரம்பித்த பிறகு, 2011-இல், பிபி 720 கோடி டாலருக்கு கேஜி டி6 உட்படப் பல பிளாக்குகளில் 30 சதவீதம் வாங்கியது. அவர்களிடம் புவியியல் நிபுணர்களுக்கா பஞ்சம்?

அடி வாங்கியது கடலுக்கு வெளியே இருந்தவர்கள். காக்கிநாடாவிலிருந்து பரூச் வரை சுமார் 1,400 கிலோமீட்டர் குழாய், 8 கோடிக் கணக்கிலேயே போட்டாகிவிட்டது. அந்த வாயுவை நம்பி எழுந்த மின்நிலையங்கள் பல, பெரும்பாலும் வங்கிக் கடனில் கட்டியவை. 2015-இல் அரசே சொன்ன கணக்கு: நாட்டின் வாயு மின்நிலையங்களில் 14,305 மெகாவாட் உள்நாட்டு வாயு கிடைக்காமல் கிடந்தது. மேலாண்மைக் குழு மேசையில் 4 என்பது 8 ஆனபோது இவர்கள் யாரும் அங்கே இல்லை. நார்வேயில் பெரிய வயல் திட்டங்கள் நாடாளுமன்றத்தின் முன் போகின்றன. இங்கே எண்களை நாம் தணிக்கை அறிக்கை வழியாக, எல்லாம் முடிந்த பிறகு படிக்கிறோம்.

அதே பிளாக்கின் அடுத்த சுற்று வேறு மாதிரி நடந்தது. 2020 டிசம்பரில் ஆர் கிளஸ்டர், 2021-இல் சாட்டிலைட் கிளஸ்டர், 2023-இல் எம்ஜே என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார்கள். கடல் 2,000 மீட்டரைத் தாண்டும் ஆர் கிளஸ்டரில் வெறும் 6 கிணறு, எதிர்பார்த்தது நாளுக்கு 1.3 கோடி கன மீட்டர். முதல் சுற்றில் அளவுக்கு மீறிக் கட்டிப் போட்ட மேடையும் கரை முனையமும் இப்போது கைகொடுத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றும் சேர்ந்து உச்சத்தில் சுமார் 3 கோடி கன மீட்டர். அது 2004-இல் போட்ட அந்தச் சின்னத் திட்டத்தைவிடவும் குறைவு.