உடையும் மெய்ப்பாடும்

சுங்கை பூலோவுக்கு விடுமுறை நாள்களில் வருவோருட் பலர் பூச்செடி வாங்குவதற்கென்றே வருகின்றனர். மருத்துவமனையை ஒட்டிய சாலைகளில் நாற்றுப் பண்ணைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. காகிதப்பூவும் செம்பருத்தியும் தொட்டிகளில் நிறைந்து நிற்க, கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த குடும்பங்கள் விலைபேசும் காட்சி கண்ணுக்கு இனியது. இப்பசுமைக்கு முதலில் மண்ணைக் கொத்தியவர்கள் ஊர் ஒதுக்கிய மக்கள் என்பதை வருவோர் அனைவரும் அறிந்திருப்பர் என்று சொல்வதற்கில்லை. 1930ஆம் ஆண்டில் இங்குத் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு, அக்காலத்தில் உலகிலேயே பெரியனவற்றுள் ஒன்றாக விளங்கிற்று. நோயாளரைக் கொட்டிலில் அடைத்து வைப்பதை விடுத்து, குடிலும் தோட்டமும் வழிபாட்டிடமும் கொண்ட ஓர் ஊரையே அவர்களுக்கு அமைத்துத் தரவேண்டும் என வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். அவர் கருத்து உயர்ந்ததே. எனினும் ஊருக்கு வேலியும் இருந்தது. உள்ளே புழங்குவதற்கென்று தனிப் பணத்தாள் அச்சிடப்பட்டது. நோயாளர் தொட்ட காசை வெளியார் தொட அஞ்சினர். அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டனர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தாரும் அவ்வூரில் வாழ்ந்து மறைந்தனர். 2007இல் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

உடையலங்கார இதழ்களைப் பற்றிய கட்டுரைக்கு இவ்வூர் எவ்வாறு முகவுரையாகும் என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்விதழ்களுள் புதுமை நாடுவன எல்லாம், அழகு என்பது யார்க்குரியது, எந்த மேனி பிறர் காணத்தக்கது என்னும் வினாவையே மீண்டும் மீண்டும் எழுப்புகின்றன. சில மேனிகள் காணத்தகாதன என்று அரசும் சமூகமும் ஒருங்கே முடிவுகட்டிய இடம் சுங்கை பூலோ. ஆதலின் அவ்விதழ்கள் தருகின்ற விடையை உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

பாணி இதழ்களில் எட்டுப் பத்துப் பக்கங்களுக்கு நீளும் படத்தொடரை அத்தொழிலினர் 'ஃபேஷன் எடிட்டோரியல்' என்பர். விளம்பரத்திற்கும் இதற்கும் வேறுபாடுண்டு. விளம்பரத்திற்குப் பணம் தருபவர் வணிகர். அவர் விரும்பியதே படமாகும். படத்தொடரிலோ இதழாசிரியரும் நிழற்படக் கலைஞரும் உடை தேர்ந்து அணிவிப்பவரும் கூடி ஒரு கருத்தையோ கதையையோ உடையின் வாயிலாகச் சொல்ல முற்படுகின்றனர். பெருநிறுவனச் சார்பற்ற சிற்றிதழ்களில் இவ்வுரிமை இன்னும் மிகுதி. பிரிட்டிஷ் வோக் இதழில் கலை இயக்குநராகப் பணியாற்றிய டெரி ஜோன்ஸ் 1980இல் இலண்டனில் தொடங்கிய 'ஐ-டி' இதற்குத் தக்க சான்று. தட்டச்சு எழுத்தும் கம்பித் தைப்புமாகக் கையேடு போல வெளிவந்த அவ்விதழில், தெருவில் நடந்து சென்ற இளைஞரைச் சுவரோரம் நிறுத்தி, தலை முதல் கால்வரை எடுத்த படங்கள் இடம்பெற்றன. அவர் யார், அணிந்திருப்பது என்ன, அதை எங்கே வாங்கினார் என்பன உடன் குறிக்கப்பட்டன. படத்தில் நிற்பவருக்குப் பெயர் உண்டு என்னும் இச்சிறு செய்தி பின்னர் வேண்டப்படும். அதனை நினைவில் இருத்துதல் நலம்.

இத்தகைய படங்களைத் திறனாய்வதற்கு மேனாட்டுக் கொள்கைகளையே நாடவேண்டும் என்பதில்லை. உள்ளத்து உணர்ச்சி மேனியில் புலப்படுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றின்கண் பிறக்கும் என்று காரணமும் காட்டியவர் தொல்காப்பியர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் பற்றி இளிவரல் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் கூறும் செய்தி. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றின் வழி மருட்கை தோன்றும். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன பெருமிதத்தின் நிலைக்களன்கள். பிணியுற்ற மேனியைக் கண்டு இளிவரல் கொள்வது உலகியல்பு என்பதை இவ்வகைப்பாடு மறைக்கவில்லை. அதே மேனியை மருட்கைக்கோ பெருமிதத்திற்கோ உரியதாக மாற்றிக் காட்டக் கலையால் இயலுமா என்பதே ஆராயத்தக்கது.

இம்முயற்சியைத் துணிந்து மேற்கொண்ட படத்தொடர் ஒன்று, 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' என்னும் இலண்டன் இதழில் 1998 செப்டம்பரில் வெளிவந்தது. அவ்விதழுக்கு மட்டும் ஆசிரியப் பொறுப்பேற்றவர் உடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன். படங்களை எடுத்தவர் நிக் நைட். உடற்குறை உடையோரே அதில் உடைகாட்டுநர். அவர்களுக்கென்று புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள் உடை அமைத்துத் தந்தனர். அட்டையில் நின்றவர் ஏமி மல்லின்ஸ் என்னும் அமெரிக்க ஓட்டக்காரி. பிறவியிலேயே கணைக்கால் எலும்பு ஒன்று இன்றி, ஒரு வயதில் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டவர். 1996இல் அட்லாண்டாவில் நடைபெற்ற உடற்குறையாளர் ஒலிம்பிக்கில் ஓடியவர். ஓட்டத்திற்குரிய வளைந்த செயற்கைக் கால்களோடு, பார்ப்பவரை நேர்நோக்கி நிற்கும் அட்டைப்படத்தில் பிணியின் சாயல் சிறிதுமில்லை. தறுகண் பற்றி வந்த பெருமிதம் என்று அதனைத் தயக்கமின்றிக் கூறலாம்.

உள்ளே வரும் மற்றொரு படம் அத்துணை எளிதில் மதிப்பிடத்தக்கதன்று. அதே மல்லின்ஸ், விசிறி போன்ற மரச்சட்டை அணிந்து, கூண்டுப் பாவாடையின் வளையங்கள் வெளித்தெரிய, அழுக்கேறிய பொம்மைக் கால்களுடன் அமர்ந்திருக்கிறார். பழைய வீட்டுப் பரணில் கிடந்த பொம்மையை எடுத்து வைத்தாற் போன்ற தோற்றம். படம் அழகியது, மறக்கவியலாதது. ஆனால் ஓட்டக்காரியைப் பொம்மையாக்கியது யார் விருப்பம் என்னும் வினாவை அது எழுப்பாமற் போகவில்லை. புதுமை பற்றி வரும் மருட்கை, சற்றே வழுவினால் வேடிக்கை பார்ப்பதாகிவிடும். இருந்தும் இத்தொடரைக் குறைகூறி ஒதுக்குவது நேர்மையாகாது. மல்லின்ஸ் அதில் விரும்பிப் பங்கேற்றார். அம்மாதமே மெக்குவீனின் உடைக்காட்சியில், செதுக்கிய மரக்கால்களுடன் அவர் நடந்து வந்தபோது, அவற்றை உயர்ந்த காலணி என்றே அவையினர் பலர் எண்ணினர். குறையை மறைக்கும் கருவியாக இருந்த செயற்கைக் கால், அணியத்தக்க சிற்பமாக மாறிய பொழுது அது. பின்னாளில் தம் பல இணைக் கால்களைப் பற்றி அவரே மேடைகளில் பேசினார். படத்தில் இருந்தவர் பேசவும் செய்தார் என்பது பெரிய வேறுபாடு.

பேசாதவர்களின் படம் வேறு வகை. வோக் இந்தியா 2008 ஆகஸ்ட் இதழில் வெளிவந்த படத்தொடர், புதுமை என்னும் பெயரால் எத்துணைத் தாழமுடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு. அது சிற்றிதழன்று, பெருநிறுவன இதழ். ஆயினும் ஒப்புநோக்குக்கு அதனை விலக்க இயலாது. பல்லிழந்த கிராமத்து மூதாட்டி ஒருத்தி ஏந்திய குழந்தையின் கழுத்தில் ஏறத்தாழ 100 டாலர் விலையுள்ள ஃபெண்டி நிறுவனத்து வாய்த்துணி. எளிய குடியானவர் ஒருவர் கையில் 200 டாலர் அளவு விலைபெறும் பர்பெரி குடை. மோட்டார் சைக்கிளில் நெருக்கியமர்ந்து செல்லும் குடும்பத்துப் பெண்ணின் கையில் 10,000 டாலருக்கும் மேற்பட்ட ஹெர்மெஸ் பை. படத்தின் கீழே குடைக்குப் பெயர் இருந்தது. பைக்குப் பெயர் இருந்தது. மாந்தர்க்குப் பெயர் இல்லை. 'பெண்' என்றும் 'ஆடவர்' என்றுமே குறிக்கப்பட்டனர். இலண்டன் தெருவில் நின்ற இளைஞனுக்கு ஐ-டி அளித்த மதிப்பை, தன் நாட்டு மூதாட்டிக்கு அளிக்க அவ்விதழுக்குத் தோன்றவில்லை. உலகெங்கும் கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. வறுமையின் இளிவரலைப் பின்திரையாக விரித்து, பொருளின் பெருமையை முன்னே நிறுத்திய படங்கள் அவை.

தமிழகத்தில் இத்துறையில் நிகழ்ந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் நிழற்படக் கலைஞர் நரேஷ் நீலும் 2017 டிசம்பரில் வெளியிட்ட 'டார்க் இஸ் டிவைன்' என்னும் ஏழு படங்கள். திருமகள், கலைமகள், துர்க்கை, இலவகுசரோடு சீதை, சிவன், பாலமுருகன், குழந்தைக் கண்ணன் ஆகியோரைக் கருநிற மேனியராக அவை காட்டின. நாட்காட்டிகளிலும் சுவர்ப்படங்களிலும் வெண்மஞ்சள் மேனியாகவே தெய்வங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அப்படங்கள் ஓர் அதிர்ச்சியை அளித்தன. அதிர்ச்சி அடைந்ததே வியப்பிற்குரியது எனலாம். திருமாலை மாயோன் என்று அழைத்த மொழி இது. மாந்தளிர் போன்ற மாநிறத்தை மாமை எனப் பெயரிட்டு, காதலன் பிரிவால் அது கெடுவதை அழகின் இழப்பாகவே பாடிய இலக்கியம் இது. பசலை பாய்ந்து வெளிறுவதை அவ்விலக்கியம் நோய் என்றது. வெளிறுவதே அழகு என்னும் எண்ணம் எப்பொழுது புகுந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. அவ்வெண்ணத்தை வைத்து வணிகம் நடத்திய 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்தது. 2020இல்தான் அதன் பெயரிலிருந்து வெண்மைச் சொல் நீக்கப்பட்டது.

இவ்வேழு படங்களின் நோக்கம் போற்றத்தக்கது. ஆயின் நோக்கத்தைக் கொண்டே படத்தை மதிப்பிடலாகாது. மகுடமும் மாலையும் முகத்தில் விழும் பொன்னொளியும் இரவி வர்மாவின் அச்சுப்படங்கள் பழக்கிய மரபிலேயே நிற்கின்றன. நிறம் மாறியது, நிறுத்திய முறை மாறவில்லை. கருநிறப் பெண் அழகி என்று ஒப்புக்கொள்ளப்படுவதற்கு அவள் திருமகளாகவேண்டியிருக்கிறது. பால்மரம் சீவிவிட்டு வாளியோடு வரும் தோட்டத்துப் பெண்ணாக, முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக அவள் நின்றால் போதாதா என்னும் வினாவுக்கு அத்தொடரில் விடை கிடைக்கவில்லை. 2020ஆம் ஆண்டு நாட்காட்டிக்கென, சுகாசினி நிறுவிய 'நாம்' அறக்கட்டளைக்காக வெங்கட்ராம் எடுத்த படங்களும் இங்கு எண்ணத்தக்கன. இரவி வர்மாவின் ஓவியங்களைத் திரைப்பட நடிகையரைக் கொண்டு மீண்டும் அமைத்த அவை, தொழில்திறத்தில் மேம்பட்டவை. சேலையின் மடிப்பும் நகையின் ஒளியும் ஓவியத்தோடு போட்டியிடுகின்றன. புகழ்பெற்ற ஓவியத்தைப் புகழ்பெற்ற முகத்தால் நிரப்பியதனால், காண்பவர் ஒப்புமை கண்டு மகிழ்வதோடு அமைந்துவிடுகிறார். அங்குச் சோதனை என்று எதுவும் நிகழவில்லை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ துணிக்கடை வாயிலில் சேலையுடுத்தி நிற்கும் பொம்மைகளைப் பார்ப்பவர், அவற்றின் நிறம் வாங்க வருவோரின் நிறமன்று என்பதை உடனே காண்பர். மலேசியத் தமிழர் தம்மைத் தாமே படமாக்கிக்கொள்ளும் முயற்சி தொடங்கவேண்டிய இடம் இது. தமிழ்ப்பள்ளியில் ஓவியமும் இலக்கியமும் கற்பிப்போர், மாமையைப் பற்றிய பாடலை நடத்தும் வகுப்பிலேயே இப்பொம்மைகளைப் பற்றியும் மாணவரைப் பேசவிடலாம்.

சுங்கை பூலோவின் குடில்கள் நிழற்படக் கலைஞரைக் கவரும் தன்மையன. பாசி படிந்த சுவர், பழைய பலகணி, படர்ந்த கொடி ஆகிய அனைத்தும் படத்தொடருக்கு ஏற்ற பின்புலமே. உயர்ந்த உடையணிந்த மெல்லியலாள் ஒருத்தியை அங்கு நிறுத்திப் படமெடுத்தால் அது வோக் இந்தியாவின் குடைப்படத்திற்கு நெருங்கிய உறவாகிவிடும். குடிலில் வாழ்ந்த முதியவரை அவர் இசைவோடு, அவர் பெயரோடு, அவர் தேர்ந்த உடையோடு நிறுத்தினால் வேறு படம் கிடைக்கும். அப்பொழுதும் விரல் குறைந்த கையை எங்ஙனம் காட்டுவது என்னும் இடர்ப்பாடு தீராது. மறைத்தால் பொய், முன்னே நீட்டினால் வேடிக்கை.

இவ்விடர்ப்பாட்டை இதழ்களுக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள் மருத்துவர்கள். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் கால்களில் புண்கள் உண்டாவது உணர்விழப்பினாலேயே என்று கண்டறிந்து காட்டினார். முள் குத்தினாலும் ஆணி ஏறினாலும் அவர்க்குத் தெரிவதில்லை. அதற்கென வேலூரிலும் கரிகிரியிலும் நுண்துளைகள் நிறைந்த மென்மையான ரப்பர்ச் செருப்புகள் உருவாக்கப்பட்டன. செருப்புக் காலைக் காத்தது. ஆனால் அதனை அணிந்து தெருவில் சென்றால் இன்ன நோயாளர் என்று ஊர் அறிந்துகொள்ளும் என அஞ்சிப் பலர் அணிய மறுத்தனர்; புண்ணையே தாங்கிக்கொண்டனர். கடையில் விற்கும் செருப்பைப் போலவே அதன் மேற்பகுதியையும் நிறத்தையும் அமைக்கவேண்டும் என்பதைச் செருப்புத் தைப்பவர்கள் அதன்பின் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. மல்லின்ஸின் மரக்காலை அவையினர் காலணி என்று மயங்கியதற்கும், நோயாளரின் செருப்பைத் தெருவினர் வெறும் செருப்பென்றே மயங்கவேண்டியிருந்ததற்கும் இடையே பல ஆண்டுகளின் தொலைவு உண்டு. ஒருவர் மேடையில் காண்பிக்க விரும்பினார். மற்றவர் கண்ணில் படாமல் சந்தைக்குப் போய்வர விரும்பினார்.