வேலன், வேடன், விருத்தன்: ஒரே தொண்டையில் மூன்று பேர்

விஸ்வநாத தாஸைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் நேரே 1940 டிசம்பர் 31-ஆம் தேதிக்குப் போய்விடுகிறார்கள். சென்னை ராயல் தியேட்டர், வள்ளி திருமண நாடகம், மயிலாசனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது, வயது 54. அந்தச் சாவு அவ்வளவு பெரியது என்பதால் அதற்கு முந்தைய வாழ்க்கையை அது மறைத்துவிட்டது. சிவகாசியில் 1886-இல் பிறந்து, திருமங்கலத்தில் குடியேறி, நாடெங்கும் மேடை ஏறிய இந்த ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், என்ன தொழில் தெரிந்தவர், எதனால் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்? விடுதலைப் போராட்டத் தியாகி என்ற பட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பாடகராக அவரை அலச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் ஆடுகளம். தாஸ் ஏறியது ஸ்பெஷல் நாடக மேடை; அதற்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியான பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மற்றத் தாளக் கருவிகளைக் கவனிக்கும் ஆல்ரவுண்டும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு வருவார்கள். மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். மிச்சமெல்லாம் அந்த நேரத்துச் சாமர்த்தியம். ஐரோப்பிய ஆப்பராவில் எழுதிவைத்த இசைக்குறிப்பு உண்டு, வாரக்கணக்கில் ஒத்திகை உண்டு, கோலைப் பிடித்துக்கொண்டு எதிரே ஒரு நடத்துநர் நிற்பார். நம் மேடையில் பின்பாட்டுப் பாடிக்கொண்டே சுருதிக் கட்டையையும் தாளத்தையும் காப்பாற்றுகிற ஆர்மோனியக்காரர்தான் நடத்துநர். ஆப்பராக்காரர் செய்ததையே தாஸும் செய்தார். பாதுகாப்புக்கு விரித்த வலை மட்டும் இவருக்குக் கிடையாது.

குரலுக்கு வருவோம். ஒலிபெருக்கி ஊருக்கு ஊர் வராத காலம். திறந்த பொட்டலில் கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் புரிய வேண்டும். ஆப்பராப் பாடகர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வாத்தியக் கூட்டத்தின் பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வுகளில்தான் இருக்கும். தேர்ந்த ஆண் குரலோ 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு கூர்மையை வளர்த்துக்கொண்டு அந்த இரைச்சலின் மேலே ஏறி நிற்கும். நம் ராஜபார்ட்டுகளின் வழி வேறு. இன்றைய கச்சேரி மேடையில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று பாடுகையில், அன்று இவர்கள் நாலு கட்டைக்கு மேலே போய் ஐந்தில் நின்றார்கள். அது வெறும் வீறாப்பு அல்ல. ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும் மாறி மாறிப் பாடும்போது ஆர்மோனியத்தின் சுருதியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பெண் குரலின் கட்டையிலேயே ஆணும் பாடியாக வேண்டும். அந்த உயரத்தில் விடியவிடியப் பாடி, மறுநாள் வேறோர் ஊரில் மறுபடியும் பாட வேண்டுமென்றால் மூச்சை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்களின் தொண்டை சீக்கிரமே போனது.

அதிலும் வள்ளி திருமணம் பொல்லாத நாடகம். பபூனும் டான்ஸும் முடிந்து, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து ஓய்வதற்குள் நடுநிசி தாண்டிவிடும். பிள்ளைகள் பாயில் சுருண்டிருப்பார்கள், பெரியவர்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் முருகனுக்குப் பெரிய வேலை தொடங்குகிறது. வேலனாகக் கம்பீரம், வேடனாகக் குறும்பு, விருத்தனாகத் தள்ளாட்டம். மூன்றுக்கும் ஒரே தொண்டை. கிழவனாக நடுங்கும் குரலில் பாடும்போதும் சுருதி நடுங்கக்கூடாது. இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். தாஸ் புகழ்பெற்றது இந்த முருகனில்தான் என்பதை வைத்தே அவருடைய சரக்கை அளக்கலாம். எளிதான வேடத்தில் வாங்கிய பேர் அல்ல அது.

இன்னொரு தடையும் இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் ஆட்டத்தை மதிப்பிட முடியாது. தாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். ஊருக்கு முடிவெட்டும் குலத்துக்காரரோடு ஜோடி சேர மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் எதிராளிதான் பாதி ஆட்டம். தர்க்கத்தில் அவர் போடும் முடிச்சை இவர் அவிழ்த்து, இவர் போடுவதை அவர் அவிழ்த்துத்தான் கதை நகரும். எதிரே நிற்க ஆள் மறுத்தால் எப்பேர்ப்பட்ட பாடகனும் முடமாகிப்போவான். அந்த நிலையிலிருந்து, இவர் பேர் நோட்டீஸில் இருந்தால் கூட்டம் வரும் என்ற இடத்துக்கு வந்தார் என்றால் அதைப் பாட்டு ஒன்றினால்தான் சாதித்தார். சாதி சொல்லி ஒதுங்கியவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

அவருடைய சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், கொக்குப் பாட்டு என்பேன். நாடக நிகழ்ச்சிச் சட்டம் 1876-இலிருந்தே அமலில் இருந்தது. மேடையில் வெள்ளைக்காரனைப் பேர் சொல்லித் திட்டினால் திரை இறங்கிவிடும். ஆனால் வள்ளி திருமணத்தின் களமோ தினைப்புனம். பறவைகள் வந்து கதிரைத் தின்னும், விரட்ட வேண்டும். ஆலோலம் பாடுவது கதையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு வெள்ளைக் கொக்கைப் பறக்கவிட்டு, அது மோசமான கொக்கு, ஜாக்கிரதை என்று முருகன் பாடினால் எந்தச் சட்டத்தில் எந்த வரியைக் காட்டுவது? கூட்டத்துக்கோ எந்தக் கொக்கு என்று உடனே தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதித் தந்த தேசியப் பாட்டுகள் நாடெங்கும் மேடைகளில் ஒலித்தன, ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் அந்தக் காலத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பலர் அந்தப் பாட்டுகளைக் கதைக்கு நடுவே தனியாகச் செருகினார்கள். கொக்குப் பாட்டு கதையின் மண்ணிலேயே முளைத்தது போல நின்றது. எதை எங்கே வைத்தால் தைக்கும் என்பதில் தாஸுக்கு இருந்த கண் அது. மேடையில் கைது, சிறை, வெளியே வந்ததும் மறுபடி அதே பாட்டு என்று ஓடியது. மகன் சுப்பிரமணிய தாஸும் சிறை சென்றார். பாடகனுக்குச் சிறை வெறும் நாள் இழப்பு அல்ல. சாதகம் அறுந்துபோகும், மூச்சுப் பழக்கம் தளரும். வெளியே வந்து பழைய கட்டையைப் பிடிப்பது ஒவ்வொரு முறையும் புதிதாக மலையேறுவதுதான்.

அந்தப் பாட்டுகள் மேடையோடு நிற்கவில்லை. சின்னப் பாட்டுப் புத்தகங்களாக அச்சாகி வீட்டுக்கும் வயலுக்கும் போயின. கூட்டமே திருப்பிப் பாடியது. ஓர் ஊரையே பாடவைக்கும் அந்தக் கலையைப் பின்னாளில் முறையான சேர்ந்திசையாக வளர்த்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, ஒரே பாட்டைப் பல அடுக்குக் குரல்களில் பிரித்துப் பாடப் பழக்கினார். 1988-இல் சேர்ந்திசை வேலையாகப் போயிருந்த லட்சத்தீவில் காலமானார். இருவர் வழியும் வேறு. சீனிவாசன் குரல்களைத் தேர்ந்து, பிரித்து, கையசைத்து நடத்தினார். தாஸ் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை; வந்த கூட்டம்தான் அவருடைய கொயர். அடுக்குக் குரல் நம் கிராம மேடைக்கு வராமலே போனது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். பபூனும் ஆர்மோனியக்காரரும் ராஜபார்ட்டும் ஒரு பல்லவியையாவது மூன்று அடுக்காகப் பாடிப் பார்த்திருக்கலாம்.

மேடையிலேயே இறப்பது தாஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1960 மார்ச் 4-ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் வெர்டியின் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது லெனார்ட் வாரன் என்ற பாரிடோன் பாடகர் மேடையில் விழுந்து இறந்தார். ஆனால் வாரனைப் பற்றிப் பேசுகிற இசை ரசிகர்கள் அந்தச் சாவோடு நிறுத்துவதில்லை. அவர் குரலின் மேல் ஸ்தாயி எப்படி, எந்த வேடத்தில் எந்த இடத்தை எப்படிப் பாடினார் என்று இன்றுவரை வரிவரியாகச் சண்டை போடுகிறார்கள். அந்த மரியாதையைத்தான் நாம் தாஸுக்குக் கொடுக்கவில்லை. திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது, நல்லது. அங்கே தியாகி இருக்கிறார். பாடகரைத்தான் நாம் இன்னும் குடியேற்றவில்லை.

பாடகரைக் குடியேற்ற ஏற்ற இடம் கோயில் பொங்கல் மேடைதான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை வந்த பிறகு விடிய விடிய நாடகம் நடத்துவது கமிட்டிக்காரர்களுக்குப் பெரும் பாடாகிவிட்டது. மைக் இல்லாமல் நாடகமே இல்லை என்ற நினைப்புதான் அதற்குப் பாதிக் காரணம். நம் ஊர்களில் அடுத்து வள்ளி திருமணம் வைக்கிற கமிட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான்: ராஜபார்ட்டை அமர்த்தும்போதே பேசிவிடுங்கள், விருத்தன் வரும் கட்டத்தில் ஒரு பாட்டையாவது மைக்கை அணைத்துவிட்டுப் பாட வேண்டும் என்று. பெஞ்சுகளை மேடைக்கு அருகே இழுத்துப் போடுங்கள், ஆர்மோனியத்தை அரைக் கட்டை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். தாஸ் செய்த வேலை எவ்வளவு கடினமானது என்பதைப் பாடுகிறவரும் கேட்கிறவரும் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.