காத்திருக்கும் உரிமை

கடையொன்றினுள் நுழைந்த ஒருவர் எதையும் வாங்காது அங்கே இருக்கலாமா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வணிகர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சிறு வினாவாகவே தோன்றும். ஆயின் யார் இருக்கலாம், யார் எழுந்து போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்கத் தொடங்கியதும், அச்சிறுவினா சொத்துரிமை, இனபேதம், வர்க்கம் என்னும் மூன்றையும் ஒருங்கே தொட்டு நிற்கக் காண்கிறோம். அண்மைக்கால அமெரிக்க வரலாற்றில் இவ்வினா ஒரு கோப்பிக்கடையிலே எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளையும், அவ்விடைகள் பின்னர் மீளப் பெறப்பட்ட விதத்தையும் நாம் ஆழ்ந்து நோக்குதல் தகும்.

2018 ஏப்ரல் 12ஆந் திகதி, பிலடெல்பியா நகரின் மத்தியிலுள்ள ஸ்டார்பக்ஸ் கோப்பிக்கடை ஒன்றிற்குக் கறுப்பின இளைஞர் இருவர் வந்தனர். தொழில் சம்பந்தமாக ஒருவரைச் சந்திக்கும் பொருட்டு அங்கே காத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் மலசலகூடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். பொருள் வாங்கியோர்க்கு மட்டுமே அனுமதி என மறுக்கப்பட்டது. அவர்கள் நுழைந்த சில நிமிடங்களுக்குள்ளேயே கடையின் முகாமையாளர் பொலிசாரை அழைத்தார். பொலிசார் வந்தனர், வெளியேறுமாறு கூறினர், அவ்விருவரும் தாம் ஒருவருக்காகக் காத்திருப்பதாகக் கூறினர், கைகளில் விலங்கு பூட்டப்பட்டது. அவர்கள் சந்திக்கவிருந்த வெள்ளையர் அவ்வேளையிலே வந்துசேர்ந்து, இவர்கள் செய்த குற்றம் யாது என்று கேட்டமையும் பலனளிக்கவில்லை. பல மணிநேரம் தடுத்துவைக்கப்பட்ட பின், வழக்குத் தொடரப் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். அங்கிருந்த ஒருவர் எடுத்த ஒளிப்படக் காட்சியை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். கறுப்பினத்தவரான நகரப் பொலிஸ் தலைமை அதிகாரி முதலில் தமது ஆட்களின் செயலை நியாயப்படுத்தினார். ஒரு வாரத்தின் பின் மன்னிப்புக் கேட்டார்.

அக்காலை அக்கடையின் சார்பிற் கூறப்பட்ட வாதத்தை எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கடை என்பது தனியார் உடைமை, விற்பனையினால் நிலைபெறுவது, வாங்குவோர்க்கு ஆசனம், வாங்காதோர்க்கு வாசல் என்பது எல்லோர்க்கும் பொதுவான விதி, விதியை நடைமுறைப்படுத்தியவரை இனவாதி எனல் தகுமா? வாதம் இதுவே. இதில் ஒரு சிறு உண்மை உண்டு. வாடகை கட்டிக் கடை நடத்துபவருக்கு நாள் முழுதும் இடத்தை அடைத்திருப்போரால் நட்டம் உண்டாதல் கூடும்.

ஆனால் விதி உண்மையிலே பொதுவாக இருந்ததா? அந்நாளில் அந்நிறுவனத்திடம் இது குறித்து இறுக்கமான ஒரே விதி இருக்கவில்லை. வாங்காதவரை என்ன செய்வது என்பது அந்தந்தக் கடை முகாமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. தம் கடைகளை வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடைப்பட்ட 'மூன்றாவது இடம்' என்று விளம்பரப்படுத்திய நிறுவனம் அது. அக்கருத்து ரே ஓல்டன்பர்க் என்னும் சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட நூலால் பரவியது. வந்து இருங்கள், பேசுங்கள், காத்திருங்கள் என்று அழைப்பதே அக்கடையின் வணிக உத்தி. அழைப்புப் பொதுவானது, வெளியேற்றமோ தெரிவுசெய்யப்பட்டது. விதி எழுதப்படாது ஒருவரின் மனப்போக்குக்கு விடப்படும்போது, அம்மனத்தில் ஏற்கனவே படிந்துள்ள அச்சமும் வெறுப்புமே விதியாகிவிடுகின்றன. ஒருவர் அரை மணிநேரம் காத்திருந்தால் நண்பரை எதிர்பார்ப்பவர். மற்றொருவர் சில நிமிடம் காத்திருந்தால் சந்தேகத்துக்குரியவர்! இவ்வேறுபாட்டைச் செய்தது பணப்பெட்டியன்று, கண்.

இந்தக் கண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும், 1865இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டங்கள், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஒவ்வோராண்டும் ஜனவரியில் தமக்குத் தொழில் உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருத்தல் வேண்டும் என விதித்தன. தொழிலின்றி இருப்பவர் தண்டிக்கப்பட்டார். தண்டப்பணம் கட்ட இயலாதவர் அதனைக் கட்டும் வேறொருவருக்கு உழைக்க ஒப்படைக்கப்பட்டார். தோட்ட முதலாளிகட்கு மலிவான உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே கறுப்பு மனிதன் சும்மா இருத்தல் குற்றமாயிற்று. இனவெறுப்பு வெறும் மனக்கோளாறு அன்று, அதற்குப் பொருளாதார வேர் உண்டு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து, 1960 பெப்ரவரி 1ஆந் திகதி. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வூல்வர்த் கடையினுட் சென்றனர். ஒரு பகுதியிற் சில சிறு பொருள்களை வாங்கினர், பணம் பெறப்பட்டது. பின்னர் உணவுப் பகுதியின் ஆசனங்களில் அமர்ந்து கோப்பி கேட்டனர், மறுக்கப்பட்டது. அவர்களின் காசு அக்கடைக்குத் தீட்டாகவில்லை. அவர்கள் அமர்தலே தீட்டாயிற்று. அந்த உணவுப்பகுதி அவ்வாண்டு ஜூலையில் எல்லோர்க்கும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் தென் மாநிலங்களெங்கும் பரவிய அமர்வுப் போராட்டத்தில் ஈடுபட்டோர் பலர் 'அத்துமீறிப் பிரவேசித்தல்' என்னும் குற்றச்சாட்டிலே கைதுசெய்யப்பட்டனர். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்து பிலடெல்பியாவில் எடுத்தாளப்பட்டதும் அதே குற்றச்சாட்டே என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும்.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உணவகங்களிலும் விடுதிகளிலும் இனபேதம் காட்டுவதைத் தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலே உயர் நீதிமன்றம் இரு வழக்குகளில் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. மாபெரும் வெற்றி அது, ஐயமில்லை. ஆயினும் பொதுவிடங்கள் பற்றிய அப்பகுதியின்கீழ் பாதிக்கப்பட்டவர் நட்டஈடு பெற இயலாது, தடையுத்தரவே பெறலாம். நட்டஈடு வேண்டுவோர் 1866ஆம் ஆண்டின் சட்டத்தை நாடுதல் வேண்டும். அதுவோ ஒப்பந்தம் செய்வதில் சம உரிமை பற்றியது. எனவே கடைகளில் அவமதிக்கப்பட்டோர் தொடுத்த பல வழக்குகளில், நீர் பொருள் வாங்க முயன்றீரா என்பதே முதற் கேள்வியாயிற்று. வாங்க முயன்றவருக்குச் சட்டம் ஓரளவு துணை. வாங்காது நின்றவருக்கு அத்துணையும் அரிது. மனிதனைக் கொள்வோனாக மட்டுமே காணும் ஒரு சமுதாயத்தின் சட்டம் வேறெவ்வாறு இருக்க முடியும்?

இவற்றை வாசிக்கும் ஈழத்துத் தமிழர், அமெரிக்கரைப் பார்த்துத் தலையசைத்து அமைதல் இயலாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டோர் காசு கொடுத்தும் உள்ளே இருக்க முடியாதிருந்தனர். வெளியே நின்று போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் பெற்றனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும் கடைகள் சட்டத்தால் மட்டும் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே கதவுகளைத் திறந்தன. அதற்காக உயிர்கள் பலியாகின. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இக்காலப் போராட்டத்தின் இலக்கியச் சாட்சியாக நிற்கிறது.

இரு நாட்டு நிலைமைகளும் ஒன்றே என்பது எமது கருத்தன்று. நிறமும் சாதியும் வெவ்வேறு வரலாறு உடையன. எனினும் ஒப்புமை ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. சங்கானையிற் காசு கொடுத்தவருக்கு ஆசனம் மறுக்கப்பட்டது. பிலடெல்பியாவிற் காசு கொடுக்கவில்லை என்று ஆசனம் மறுக்கப்பட்டது. காரணம் மாறுகிறது, மறுக்கப்படுபவர் மாறவில்லை. ஆகவே காசு ஒரு முகாந்திரமே. எமது பேச்சுவழக்கில் 'இருத்தல்' என்னும் சொல் அமர்தலையும் குறிக்கும், உயிரோடு உளதாதலையும் குறிக்கும். இருக்க விடாமை எத்துணைக் கொடிய மறுப்பு என்பதை மொழியே உணர்ந்திருக்கிறது போலும்.

இனி, அந்நிறுவனம் செய்த பரிகாரத்தை நோக்குவோம். தலைவர்கள் மன்னிப்புக் கேட்டனர். முகாமையாளர் விலகினார். இளைஞர் இருவரும் நிறுவனத்துடன் தனியே இணக்கம் கண்டனர். நகராட்சியிடம் ஆளுக்கு ஒரு டொலர் மட்டும் பெற்று, இளந் தொழில்முனைவோருக்கென 2,00,000 டொலர் ஒதுக்கச் செய்தனர். தமக்கு நேர்ந்த அவமானத்தைப் பிறர்க்குப் பயன்படுமாறு மாற்றிய அவர்களின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. மே 29ஆந் திகதி பிற்பகல், நிறுவனம் 8,000க்கு மேற்பட்ட தன் கடைகளை மூடி, ஏறத்தாழ 1,75,000 ஊழியர்க்கு இனப்பாரபட்சம் பற்றிய பயிற்சி அளித்தது. தலைமுறை தலைமுறையாக ஊறிய ஒன்றை ஒரு பிற்பகலிற் கழுவிவிடலாம் என்பது வேடிக்கை. அதனினும் முக்கியம், குறைபாடு ஊழியர் உள்ளத்தில் மட்டுமே உள்ளது என்பது போன்ற தோற்றத்தை அது உண்டாக்கியமை. முகாமையாளருக்கு வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுத்தவர் யார்? மேலிடம். பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் யார்? கீழிடம்.

பழி கீழ்நோக்கி வழியும் இப்போக்கின் மற்றொரு விளைவு 2023 ஜூனில் வெளிப்பட்டது. நிகழ்ச்சியின் பின் வேலைநீக்கம் செய்யப்பட்ட வெள்ளையரான பிராந்திய முகாமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவரது நீக்கத்துக்கு அவரது இனமே தீர்மானமான காரணி என நியூஜேர்சியில் யூரிமார் முடிவுசெய்து, 2 கோடி 56 இலட்சம் டொலர் வழங்கினர். இத்தீர்ப்பைக் காட்டி இனபேதம் என்பதே கட்டுக்கதை என்போர் உளர். அது தவறு. ஒரு தோலின் நிறத்துக்காக இழைத்த அநீதியை, மற்றொரு தோலின் நிறத்தைப் பலியிட்டுத் தீர்க்க முடியாது என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். நீதி வேறு, விளம்பரத்துக்குரிய கழுவாய் வேறு.

2018 மே மாதத்திலேயே நிறுவனம் புதிய விதியொன்றை அறிவித்திருந்தது. பொருள் வாங்கினும் வாங்காவிடினும், கடையினுள் நுழைபவர் எவரும் வாடிக்கையாளராகவே கருதப்படுவர் என்பது அதன் சாரம். நல்ல விதி. ஆயினும் அதன் சொல்லாட்சி சிந்தனைக்குரியது. உள்ளே வந்தவரை மதிப்பதற்கு அவரை முதலில் 'வாடிக்கையாளர்' ஆக்க வேண்டியிருந்தது. மனிதர் என்பது போதவில்லை. பழந்தமிழில் 'விருந்து' என்னும் சொல் புதுமையைக் குறித்தது. அறியாத புதியவரே விருந்தினர். வணிக உலகிலோ கொடுக்கப்போகிறவரே விருந்தினர்.

வாடிக்கையாளர் என்ற பட்டம் நிறுவனம் கொடுத்தது. ஆகவே நிறுவனம் அதைப் பறிக்கவும் முடிந்தது. 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளுக்கு அவ்விதி நீக்கப்பட்டு, ஆசனமும் மலசலகூடமும் வாங்குவோர்க்கே என மீண்டும் அறிவிக்கப்பட்டது. இப்போது விதி எழுத்தில் உள்ளது, எல்லோர்க்கும் ஒன்று, ஆகவே நியாயமானது என்பர். எழுத்தில் இருத்தல் முன்னேற்றமே. ஆனால் எழுதிய விதியையும் யார்மீது உடனே பிரயோகிப்பது, யாரைக் காணாதது போல் விடுவது என்பது மீண்டும் அந்தக் கண்ணிடமே செல்கிறது.

இவ்விடத்து முற்போக்காளர் ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. திறந்த கதவு விதியின் சுமை முதலாளிமீது விழவில்லை. கோப்பி ஊற்றியவர்மீது விழுந்தது. வீடற்றோர், போதைக்கு அடிமையானோர், நோயுற்றோர் ஆகியோரின் துயரங்களெல்லாம் வந்துசேர்ந்த மலசலகூடத்தைத் துப்புரவு செய்தவர் குறைந்த ஊதியத் தொழிலாளியே. அவர் அலுத்துக்கொண்டால் அவரை இனவாதி என்று ஏசுவது எளிது. அவரையும் வாசலில் நிற்பவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்கிய ஏற்பாட்டை வினவுவதே கடினம்.

அவ்வேற்பாடு யாது? அமெரிக்க நகரங்களிற் பொதுவிடம் சுருங்கியமையே அது. 1970இல், காசு போட்டுத் திறக்கும் மலசலகூடங்களை ஒழிக்க மாணவர் சிலர் ஓர் இயக்கம் கண்டனர். 1973இல் சிக்காகோ நகரம் அவற்றைத் தடைசெய்தது. பிற நகரங்களும் மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் அகற்றப்பட்டவற்றுக்கு ஈடாக இலவசக் கூடங்களைப் போதிய அளவிற் கட்ட எவரும் முன்வரவில்லை. நகராட்சி கைவிட்ட கடமை கோப்பிக்கடையின் கதவில் வந்து விழுந்தது. பொதுவாங்கும் பொதுநிழலும் இல்லாத நகரில், காத்திருப்பதற்கும் ஒரு கோப்பை கோப்பியின் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே நியாயம் எனப்படுவதற்கு மூன்று படிகள் உள. கடையின் விதி எழுத்தில் இருத்தல் வேண்டும். வாசலிலேயே தெரிதல் வேண்டும். அனைவர்க்கும் ஒரே கால அளவுடன் பயன்படல் வேண்டும். இது முதலாவது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லாதவிடத்து, வாங்கவில்லை என்பதற்காக ஆயுதந் தாங்கிய அரசை அழைத்தல் கூடாது. கோப்பை கோப்பிக்கு விலங்கு ஈடாகாது. இது இரண்டாவது. மூன்றாவதே அடிப்படையானது: இருப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் இயற்கைக் கடன் கழிப்பதற்கும் எவரிடமும் எதுவும் வாங்கத் தேவையற்ற இடங்களை மக்கள் தம் வரிப்பணத்தால், தம் உரிமையாகப் பெறுதல் வேண்டும்.

எமது பட்டினங்களிலும் பழைய பொதுவாங்குகள் மறைந்து, குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிகள் எழுகின்றன. அவற்றின் வாயிற்காவலர் ஒருவருக்குக் கதவைத் திறப்பதையும், சாரம் உடுத்த மற்றொருவரை ஏற இறங்க நோக்குவதையும் காண்பதற்கு நாம் பிலடெல்பியா வரை போக வேண்டியதில்லை. தேநீர்க்கடைக் கதவைத் திறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அக்கதவு எவ்வாறு திறந்தது என்பதை அவர்கள் அறிவார்களாயின், எந்தக் கதவு இன்று மூடுகிறது என்பதையும் அறிந்துகொள்வார்கள்.